வீட்டு வாசல் தேர்தல் பலகைகள்: சங்கத்தின் நிலைப்பாடு

அமெரிக்கப் புறநகர்களில் தேர்தல் நெருங்கினால் வீட்டு முன்புறப் புல்வெளிகள் பேச ஆரம்பித்துவிடும். இரண்டு கம்பிக் கால்களில் நிற்கும் பிளாஸ்டிக் அட்டை. அதில் வேட்பாளர் பெயர், போட்டியிடும் பதவி, அவ்வளவுதான். ‘யார்டு சைன்’ எனப்படும் இதை எப்போது நடலாம், எப்போது பிடுங்க வேண்டும் என்று நாள் குறித்து வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. அந்த நாள் கணக்கை நீக்க வேண்டும் என்கிறது குடியிருப்போர் உரிமைக்காகப் பேசும் இச்சங்கம். அளவுக்கும் இடத்துக்கும் விதி இருக்கட்டும், வாசகத்துக்கு வேண்டாம்.

மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸை ஒட்டியுள்ள லடூ, வசதி படைத்தவர்களின் ஊர். வளைகுடாப் போர் மூளவிருந்த 1990 டிசம்பரில், மார்கரெட் கில்லியோ என்பவர் போர் வேண்டாம் என்று எழுதிய பலகையைத் தன் வீட்டு முன் நட்டார். அது காணாமல் போனது. அடுத்து நட்டதை யாரோ சாய்த்துப் போட்டார்கள். போலீசில் சொன்னால், ஊரில் அப்படிப் பலகை வைப்பதற்கே தடை என்றார்கள். விதிவிலக்கு கேட்டார், நகர மன்றம் மறுத்தது. அவர் நீதிமன்றம் போய்த் தடையாணை வாங்கினார். மாடி ஜன்னலில், சாதாரணத் தாள் அளவில், வளைகுடாவில் அமைதி வேண்டும் என்று ஒட்டினார். ஊரும் விடவில்லை, பழைய விதியை எடுத்துவிட்டு, அந்தத் தாளையும் தடுக்கும் புதிய விதியைப் போட்டது. ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகைக்கு மட்டும் அங்கே தாராள அனுமதி!

1994இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் லடூவின் விதி செல்லாது என்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் சொன்ன காரணம் எளிமையானது: சொந்த வீட்டு வாசலில் நிற்கும் பலகை, சொல்பவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது, செலவோ சொற்பம், அதற்கு ஈடாக வேறு வழி இல்லை.

நாள் கணக்கின் கதையும் இதேதான். வாக்குப்பதிவுக்கு 60 நாள் முன்னால்தான் அரசியல் பலகை வைக்கலாம் என்ற டகோமா நகரின் விதியை வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1993இலேயே ரத்து செய்தது. அரிசோனாவின் கில்பர்ட் ஊரிலோ ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒவ்வொரு சட்டம். கருத்துப் பலகை 20 சதுர அடி, கால வரம்பு இல்லை. வீட்டு வாசலில் தேர்தல் பலகை 16 சதுர அடி, தேர்தலை ஒட்டிய நாட்களில் மட்டும். தேவாலய ஆராதனைக்கு வழி காட்டும் பலகை 6 சதுர அடி. ஆராதனை முடிந்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பலகையைப் படித்துப் பார்த்தபின்தான் எந்த விதி பொருந்தும் என்றே அதிகாரிக்குத் தெரியும். 2015இல் உச்ச நீதிமன்றம் இதையும் ஒருமனதாகத் தள்ளியது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு அரசுக்கு எதிரானது மட்டுமே. இன்று பலருக்கும் தலைவலி நகர மன்றமல்ல, ‘எச்.ஓ.ஏ.’ எனும் வீட்டு உரிமையாளர் சங்கம். நியூ ஜெர்சியில் நகர மன்றத்துக்குப் போட்டியிட்ட ஒருவர், தன் பெயரைத் தன் வீட்டு ஜன்னலில் வைக்கவே 2012இல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போராட வேண்டியிருந்தது. டெக்சாஸ் சட்டம், தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து எச்.ஓ.ஏ. தடை போடக் கூடாது என்கிறது. இது பாதிக் கிணறுதான். ஆண்டு முழுதும் அப்படி இருக்க வேண்டும் என்று குடியிருப்போர் உரிமைக்கான இச்சங்கம் கோருகிறது.

தெருவெல்லாம் அட்டைக் காடாகிறது என்ற அண்டை வீட்டாரின் எரிச்சல் நியாயமே. முனை வீட்டில் திரும்பும் காரோட்டியின் கண்ணை மறைக்கும் பலகையை அகற்றத்தான் வேண்டும். மின்கம்பங்களில் கட்டுவதைத் தடுக்க நகரங்களுக்கு உரிமை உண்டு என்று 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் வழக்கிலேயே முடிவாகிவிட்டது. கிழிந்து தொங்கும் அட்டைக்கு, முற்றத்துக் குப்பைக்கு உள்ள விதியே போதும்.

நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள புல்துண்டில்தான் தகராறு அதிகம். பார்க்க வீட்டுக்காரருடையதுபோல் இருக்கும். பெரும்பாலும் அது பொதுவழி. எல்லை எது என்று வரைபடத்தோடு ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அங்கிருந்து ஊழியர்கள் பிடுங்கிய பலகையைக் குப்பையில் போடாமல், உரியவர் வந்து எடுத்துக்கொள்ளும்படி நகர அலுவலகத்தில் வைக்க வேண்டும் என்றும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.