பூங்காவுக்குப் பூட்டு எதற்கு?



பூங்கா என்றதும் ஊட்டியை நினைக்காதீர்கள். நம்ம ஊர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். ரெண்டு ஊஞ்சல் (ஒன்றுக்குச் சங்கிலி அறுந்துவிட்டது), ஒரு சறுக்கு மரம், நாலு சிமெண்டு பெஞ்சு, ஒரு வேப்பமரம். அவ்வளவுதான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் டீக்கடை பெஞ்சு ஆண்களுக்கு. கோயில் மந்தையில் எல்லாத் தெருக்காரரும் ஒன்றாக உட்கார முடியாது, காரணம் எல்லாருக்கும் தெரியும். பூங்காவில் மட்டும்தான் மேலத்தெரு, கீழத்தெரு என்று கிடையாது. ரேஷன் அரிசி போடுகிற அன்றைக்குப் பையை வரிசையில் வைத்துவிட்டு அம்மாக்கள் எல்லாரும் அந்த வேப்பமர நிழலில்தான் உட்காருவார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் இந்த மாசம் குழுப் பணம் கட்டவில்லை, எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

போன வருஷத்திலிருந்து அஞ்சு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். உள்ளே பாட்டில் கிடக்கிறதாம், பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லையாம். நாம் பள்ளிக்கூடம் விட்டு, வீட்டில் பையை வைத்துவிட்டு வருவதற்குள் பூட்டு விழுந்துவிடும். பூட்டினால் என்ன ஆகிறது? சுவர் ஏறிக் குதிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது பூங்கா. அண்ணன்மார் பேட்டோடு உள்ளே, நாம் ரோட்டில். பாட்டிலும் குறையவில்லை.

வீட்டில் சொன்னால் அப்பத்தா, "பெரிய மனுஷி ஆயிட்ட, இன்னும் என்னடி ஊஞ்சலு?" என்கிறது. என் அண்ணனுக்குப் பதினேழு வயசு. அவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஐ.நா. சபை 1989-இல் கொண்டுவந்த குழந்தை உரிமை உடன்படிக்கையில் 31-வது பிரிவு, ஓய்வெடுக்கவும் விளையாடவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி 18 வயசுக்குக் கீழே இருக்கிற எல்லாரும் குழந்தைதான். அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன், சிரித்தது.

என்னைக் கேட்டால் பாதுகாப்பு என்பது ஆள் நடமாட்டம்தான். ரேஷன் அன்றைக்கு அங்கே நமக்குப் பயமே இல்லையே, ஏன்? அம்மாக்கள் இருக்கிறார்கள். ஒரு டியூப்லைட் போட்டு, ஏழு மணி வரை திறந்து வைத்து, சாவியை மகளிர் குழு அக்காமாரிடம் கொடுத்தால் போதும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. நமக்கு அங்கே ஓட்டு இல்லை, 18 ஆகவேண்டும். ஆனால் ஓட்டு இருக்கிற நம்ம அம்மாக்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்தான். மனுவை நான் எழுதிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, மறுநாளே திரும்ப மாட்டிவிடுங்கள். ஆண்பிள்ளைகளும் வாங்கி வரலாம். ஊஞ்சல் சங்கிலியை அறுத்தது யார் என்று மனுவில் எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.