பேகன் மயிலைக் கேட்டானா?

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். இவ்விரண்டையும் அறியாத தமிழ் மாணாக்கன் இல்லை. அறியச் செய்தவர்களுள் நானும் ஒருவன். முப்பது ஆண்டுகளாக, ஆண்டுதோறும் அந்தப் போர்வையை வகுப்பில் விரித்துக் காட்டி மடித்து வைத்து வருகிறேன். 'பேகனது கொடைத்திறத்தை விளக்குக' என்று வினாவும் கொடுத்திருக்கிறேன். பத்துக்கு ஏழு, எட்டு என்று புள்ளியும் வழங்கியிருக்கிறேன். அந்த மயிலுக்கு உண்மையில் என்ன வேண்டியிருந்தது என்று நான் கேட்டதில்லை, மாணாக்கரும் கேட்டதில்லை. பேகனும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஐயம் எனக்கு நூலிலிருந்து எழவில்லை. ஒரு குருவியிலிருந்து எழுந்தது.

என் இளைய மகன் பேராதனைக்குப் படிக்கப் போனபோது ஒரு சோடிக் குருவிகளை எங்களிடம் விட்டுப் போனான். 'சீப்ரா பின்ச்' என்பது கடைக்காரர் சொன்ன பெயர். அவுஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளுக்கு உரியது. நம் வயல்களிற் கூட்டமாய் வந்து விழும் நெற்குருவிக்கு உறவு. கழுத்தில் வரி இருத்தலால் 'வரிக்குருவி' என்று நான் பெயரிட்டேன். வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரை வழங்கவில்லை. ஆணுக்குச் சொண்டு சிவப்பு. கன்னத்திற் செம்மஞ்சட் பொட்டு. பாடுவது ஆண் ஒன்றே. அந்தப் பாட்டும் முழுதும் பிறவியில் வருவதன்று. குஞ்சுப் பருவத்திலே தந்தையின் பாட்டைக் கேட்டு, பிழைபடப் பாடி, தானே திருத்தி, ஏறக்குறைய மூன்று மாதத்துள் தனக்கென ஒரு பாட்டை நிலைநிறுத்திக் கொள்கிறது. பின்னர் வாழ்நாள் முழுவதும் அதனையே பாடுகிறது. ஓர் ஆசிரியனுக்கு இதனினும் உவப்பான செய்தி வேறு வேண்டுமா? இத்தனையும் செய்கின்ற உயிரின் நிறை 12 கிராம்.

தை மாதத்து ஒரு காலையில் அந்த ஆண்குருவி கூட்டின் தரையிற் கிடந்தது. கழுத்து முறுகி, முகம் முகட்டை நோக்கியிருந்தது. நடக்க முயன்றால் இடப்பக்கமாகவே சுழன்றது, விழுந்தது, எழுந்து மறுபடியுஞ் சுழன்றது. நான் அதனை எடுத்து, அது வழக்கமாக இருக்கும் மேற்குச்சியில் வைத்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறையும் வைத்தேன். வகுப்பிற் கூனியிருக்கும் பையனை 'நிமிர்ந்து இரு' என்று அதட்டிப் பழகிய வழக்கம் கைக்கும் வந்துவிட்டது போலும்.

பிறகு அதனை உள்ளங்கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டு, சொண்டைத் திறந்து சீனித் தண்ணீர் சொட்டினேன். குருவி திணறியது. பறவைக்கு நம்மைப் போல மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் இல்லை என்பதும், மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தாலன்றி அதற்கு மூச்சு ஓடாது என்பதும், மூச்சுக் குழலின் வாய் நாவின் அடியிலேயே திறந்து கிடக்கிறது என்பதும் பின்னரே அறிந்தேன். அருளின் மிகுதியினால் அன்று ஓர் உயிரைக் கொல்ல இருந்தேன்.

மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது இவ்வளவே: "அப்பா, குருவியை மேல ஏத்தாதேங்கோ. குச்சியைக் கீழ இறக்குங்கோ."

இருபத்தொரு வயதுப் பிள்ளை சொன்ன இந்த வார்த்தைக்கு நான் எந்த உரையும் எழுதப் போவதில்லை. எப்படி இறக்கினோம் என்பதைச் சொல்கிறேன். இப்படியொரு குருவி வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும்.

அகன்ற ஒரு பெட்டி எடுத்தோம். அடியிற் பழைய வேட்டித் துணி விரித்தோம். துவாய் விரித்தால் அதன் நூற்கண்ணியில் நகம் சிக்கும். குச்சியைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்திற் பொருத்தினோம். தினையைப் பாத்திரத்தில் வையாமல் துணிமேல் தூவினோம். தலை சுழலும் குருவி குறிபார்த்துக் கொத்த மாட்டாது, பத்திடத்திற் கொத்தினால் ஓரிடத்தில் தினை அகப்பட வேண்டும். தண்ணீரைப் போத்தல் மூடியில் வைத்து, உள்ளே சிறு கூழாங்கற்களை இட்டோம். அரை விரல் ஆழமும் அதற்குக் கடலே. நோயுற்ற சிறு பறவை உடற்சூட்டைக் காக்கமாட்டாது செத்துப்போகும். ஆதலின் பெட்டியின் ஒரு பக்கத்தில், வெளியே, 40 வாற்று மின்குமிழ் ஒன்றை வைத்து, உள்ளே 30 பாகை அளவிற் சூடு இருக்கச் செய்தோம். மறுபக்கத்தைக் குளிர்ச்சியாகவே விட்டோம். சூடு மிஞ்சினால் அது தானே விலகிக்கொள்ள இடம் வேண்டும் அல்லவா? அதனையும் முதலில் நான் எண்ணவில்லை. ஒரு கைக்குட்டையை முறுக்கிச் சும்மாடு போலச் சுற்றி நடுவில் வைத்தவள் என் மனைவி. குருவி அதனுள் இறங்கிச் சாய்ந்தது. அன்று முதன்முறையாகச் சுழலாமல் இருந்தது.

எங்கள் பகுதி மிருக வைத்தியர் மாடும் ஆடும் கோழியும் பார்ப்பவர். என்னைக் கண்டு அவர் நகைக்கவில்லை. இரவில் வெருண்டு பறந்து தலையை மோதியிருக்கலாம். உட்செவியிற் கிருமி புகுந்திருக்கலாம். பழைய தினையையே தின்று உயிர்ச்சத்து 'ஈ' குறைந்திருக்கலாம். கோழிக்கு வரும் இராணிக்கேட் நோயின் இனத்தைச் சேர்ந்த ஒரு வைரசாகவும் இருக்கலாம் என்றார். கடைசியதற்கு மருந்து இல்லை, பேணுதலே மருந்து. பெண்குருவியை உடனே பிரித்து வைக்கச் சொன்னார். கிருமிக்கு ஒரு மருந்து தரலாம், ஆனால் நிறை தெரியவேண்டும் என்றார்.

கடதாசிப் பையிற் குருவியை இட்டுக்கொண்டு நகைவேலை செய்யும் பத்தரிடம் போனேன். அவர் பையைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். "ஐயா, இது எத்தினை கரட்?" என்றார். நிறுத்தபோது 10 கிராம் இருந்தது. அவருடைய கணக்கில் ஒன்றேகாற் பவுண். நலமாயிருந்தால் ஒன்றரைப் பவுண் இருக்க வேண்டியது. கால் பவுண் கரைந்துவிட்டது. சிபியின் துலாக்கோலைப் பற்றி எத்தனையோ முறை பேசியவன், ஒரு பறவையின் நிறையை அன்றுதான் கண்ணாற் கண்டேன். மருந்தையும் வாய்க்குள் ஊற்றலாகாது. சொண்டின் ஓரத்தில் ஒரு துளி தொட்டால் அதுவே உறிஞ்சிக் கொள்ளும்.

சமநிலை என்பது செவிக்குள் இருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டியவையும் பறவைகளே. பிரெஞ்சு தேசத்து உடலியல் அறிஞர் பிளூரான்ஸ் என்பார் 1820களிற் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்களை வெட்டிப் பார்த்தார். கேள்வி குறையவில்லை, ஆனால் புறாக்கள் தலையை ஆட்டிச் சுழன்று விழுந்தன. புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்தான் சிபி. அறிவின் பொருட்டுப் புறாவின் செவியை அரிந்தார் இவர். இருவருள் என் குருவிக்கு உதவியவர் யார் என்று கேட்டால், எனக்கு விடை சொல்ல மனம் வரவில்லை.

இதற்கிடையில் நண்பர்கள் சும்மா இருந்தார்களா? மருந்துச் செலவில் இரண்டு சோடி வாங்கலாமே என்றார் ஒருவர். கூட்டில் அடைத்ததே கொடுமை, பிறகென்ன பேணல் என்றார் மற்றொருவர். முன்னவருக்கு மறுமொழி சொல்லவில்லை. பின்னவர் சொன்னது தைத்தது. ஆயினும், தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலே பிறந்த குருவியை யாழ்ப்பாணத்து வேலியின்மேல் விட்டுவிடுதல் விடுதலை ஆகாது. பூனைக்கு இட்ட விருந்தாகும். அடைத்தவன் கடன்பட்டவன். கடன்பட்டவன், கடன் வாங்கியது பிழை என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட முடியாது.

மூன்றாமவர் கேட்டது கடினமானது. "இந்த மண்ணில் நடந்ததுக்குப் பிறகு, ஒரு குருவிக்கோ?" என்றார். 1995 ஐப்பசியில், வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது நானும் நடந்தேன். படலை வரை வந்த என் தாயார் திரும்பிப் போய், பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கோழிகளுக்குச் சட்டி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தார். அவர் எந்த இலக்கியமும் கற்றவர் அல்லர். நண்பருக்கு இதனைச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதச் செய்த செய்திக்கு வருகிறேன்.

நாலாம் நாள் இரவு மின்சாரம் நின்றுவிட்டது. வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி எடுத்துக்கொண்டு மனைவி வந்தாள். ஒரு கையாற் சுவரைப் பிடித்தபடி வந்தாள். நான் கற்ற புதுப்பாடத்தை அவளுக்கு ஒப்புவித்தேன். செவிக்குள் மூன்று குழாய்கள் உள. அவற்றுள் நீர் உளது. தலை திரும்பும்போது அந்நீர் பிந்தி அசைந்து மெல்லிய மயிர்களைச் சாய்க்கும். அவற்றின் வழியாக மூளை செய்தி அறியும். ஒரு பக்கம் பொய் சொன்னால் உலகம் சுழலும் என்றேன்.

"எனக்கும் ஒரு மாதமாய் உப்பிடித்தான். படுக்கையில திரும்பினால் வீடு சுத்துது" என்றாள்.

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"சொன்னனான். நேரத்துக்குச் சாப்பிடு எண்டு சொன்னியள்."

மறுநாள் வைத்தியசாலைக்கு அழைத்துப் போனேன். செவிக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணத் துகள்கள் இடம்பெயர்ந்து அந்தக் குழாய்களுள் ஒன்றிற் புகுந்திருந்தன. வைத்தியர் அவளைக் கட்டிலிற் கிடத்தி, தலையை ஒரு முறையாகத் திருப்பித் திருப்பி வைத்து எழுப்பினார். சில நிமிடங்களே சென்றன. இருமுறை அவ்வாறு செய்தபின் வீடு சுற்றுவது நின்றது. ஒரு மாதம் அவள் சுவரைப் பிடித்து நடந்திருக்கிறாள். குருவி ஒருநாட் சுழன்றதை நான் கண்டேன்.

அன்றிரவு புறநானூற்றை எடுத்தேன். மயில் உடுக்காது, போர்க்காது என்பதை அறிந்தும் பேகன் போர்வை கொடுத்தான் என்கிறார் பரணர். பயன் கருதாத கொடை, பெரிய கொடை, மறுக்கவில்லை. ஆனால் 143 முதல் 147 வரையுள்ள பாட்டுக்கள் எதைப்பற்றியவை? அதே பேகனுடைய மனைவி கண்ணகியைப் பற்றியவை. அவன் அவளைத் துறந்து இருக்க, அவள் அழுதுகொண்டிருந்தாள். கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவளுக்காக அவனிடம் பாடினார்கள். 145ஆம் பாட்டில், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனே என்று விளித்துவிட்டே, நாங்கள் பசித்து வரவில்லை, எங்களுக்குப் பொருள் வேண்டாம், இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைக் களைவாயாக, அதுவே யாம் வேண்டும் பரிசில் என்கிறார் பரணர். மயிலும் மனைவியும் ஒரே பாட்டில் நிற்கிறார்கள். நாம் மயிலை மாத்திரம் வெட்டியெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறோம்.

அவ்வாறு கொடுத்தல் பிழை என்பதே என் கருத்து. இரங்குதல் ஒரு கணத்திற் செய்துவிடக் கூடியது, பாட்டும் பெறும். பேணுதலுக்கு நிறை தெரியவேண்டும், சூடு தெரியவேண்டும், எது எட்டும் எது எட்டாது என்று தெரியவேண்டும். சொன்னதைக் காதில் வாங்கவேண்டும். பிள்ளைகளுக்கு இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டால், அருள் என்பது செல்வர் வழியிற் போகும்போது எறிந்துவிட்டுப் போகும் ஒன்று என்றே அவர்கள் கொள்வார்கள். 141ஐக் கற்பிக்கும் ஆசிரியர் 145ஐயும் உடன் வைத்துக் கற்பிக்க வேண்டும். சோதனைக்கு வராதே என்பார்கள். வராததனால் என்ன?

சென்ற வாரம் வகுப்பில் வினாவை மாற்றிக் கொடுத்தேன்: 'மயிலுக்கு என்ன வேண்டியிருந்தது?' பலர் போர்வை என்றே எழுதினார்கள். பின்வாங்கிற் பையன் ஒருவன், மயில் குளிரினால் நடுங்கவில்லை, ஆடும்போது தோகையை அப்படித்தான் நடுக்கும், தன் பாட்டியார் வீடு வன்னியில் இருப்பதால் தான் கண்டதுண்டு, அதற்கு ஒன்றும் வேண்டியதில்லை, எட்டி நின்று பார்த்தாற் போதும் என்று எழுதியிருந்தான். கொடைத்திறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுத்துப்பிழை நான்கு. ஒன்பது புள்ளி கொடுத்தேன். உடனாசிரியர் ஒருவர் இதனை ஒப்பவில்லை; அவரோடு இன்னும் வழக்கு நடக்கிறது.

குருவிக்கு இது நாற்பத்திரண்டாம் நாள். பன்னிரண்டு கிராமுக்கு மீண்டுவிட்டது. கழுத்து முழுதும் நேராகவில்லை. கதவு பலமாக அடித்தால் முகம் இன்னும் முகட்டுக்குத் திரும்பும், சிறிது நேரத்திற் சரியாகும். பறப்பதில்லை. விறாந்தையிலிருந்து பெண்குருவி குரல் கொடுத்தால் இது குசினிப் பக்கத்திலிருந்து மறுகுரல் கொடுக்கும். போன வெள்ளிக்கிழமை காலையிற் பழைய பாட்டை முழுவதும் பாடியது, ஓரிடமும் மறக்கவில்லை. குச்சி இரண்டு விரல் உயரத்திலேயே இருக்கிறது. அரை விரல் உயர்த்தலாமா என்று மனைவியைக் கேட்டேன்.

"பொறுங்கோ. பங்குனி கழியட்டும்" என்றாள்.