நள்ளிரவில் எண்ணூர் கற்பித்த மூச்சுப் பாடம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். ஆழிப்பேரலை வந்துபோனதன் பத்தொன்பதாம் நினைவு நாளுங்கூட. அன்றிரவு பதினொன்றரை மணியளவில், எண்ணூரிலுள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்களில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் கடும் நெடியால் விழித்தெழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினர். ஏறத்தாழ 50 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலையின் அருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசு கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. இருக்கத்தக்க அளவு 400 தான்.

கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், நெஞ்சடைப்பு, தலைசுற்றல் என்று அன்று மக்கள் பலவாறு கூறினர். இவை அனைத்தும் ஒரே வாயுவின் வேலையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஆம் என்பதே விடை. ஆயினும் அதை விளக்க, மூச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஓய்வாயிருக்கும் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே செல்கிறது. மூக்கில் வெப்பமும் ஈரமும் பெற்று, குரல்வளையைக் கடந்து, மரக்கிளைபோல் பிரியும் குழல்களின் வழியே கோடிக்கணக்கான நுண்ணறைகளை அது அடைகிறது. அங்கே பிராணவாயு இரத்தத்தில் ஏறுகிறது. கரியமில வாயு இறங்குகிறது. இத்துடன் மூச்சு முடிந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் இது துறைமுகத்தில் சரக்கு இறங்கியதற்கு ஒப்பானது. சரக்கு சென்று சேரவேண்டிய வீடு உயிரணு.

உயிரணுவின் உள்ளே மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலைகள் உள்ளன. நாம் உண்ட சோற்றின் சர்க்கரை, பிராணவாயுவின் துணையால் அங்கேதான் ஆற்றலாகிறது. அவ்வாற்றல் ஏ.டி.பி. என்னும் பொருளாகச் சேமிக்கப்படுகிறது. தசையில் இப்பொருளை 1929இல் கண்டறிந்தோருள் ஒருவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே அன்றாடம் கடந்து செல்வோரில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்? நிற்க. பிராணவாயு கிடைத்தால் ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து 30க்கும் மேற்பட்ட ஏ.டி.பி. கிடைக்கும், கிடைக்காவிட்டால் இரண்டே இரண்டு. எஞ்சுவது லாக்டிக் அமிலம். காசிமேட்டில் கனத்த வலையை ஒரே மூச்சாக இழுப்பவரின் தோள் எரிவது தசை இவ்வாறு மூச்சுக்கு ஏங்கும்போதுதான். தசை சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளும். மூளையோ நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் பொறுக்காது.

இனி அம்மோனியாவுக்கு வருவோம். இவ்வாயு நீரை எங்கே கண்டாலும் கரைந்து காரமாகிவிடும். கண், மூக்கு, தொண்டை ஆகிய ஈரமான இடங்களே ஆகையால் முதலில் வெந்துபோகின்றன. அதன் கடும் நெடி ஒருவகையில் நமக்கு நன்மையே. ஓடு என்று எச்சரிக்கிறது. ஓடும் திசை முக்கியம். காற்று வீசும் திசையிலேயே ஓடினால் வாயுவும் உடன் வரும். ஆகவே காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். நீரில் நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால், வாயுவின் ஒரு பகுதி துணியிலேயே கரைந்துவிடும். கண்களைத் தூய நீரால் 15 நிமிடங்களேனும் கழுவ வேண்டும். காரத்திற்கு மாற்று என்று எண்ணி எலுமிச்சையோ காடியோ விடலாகாது. குரல் கம்மினாலோ, மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற ஒலி கேட்டாலோ, தொண்டை வீங்குகிறது என்று பொருள், காத்திருத்தல் கூடாது. மிகுதியாகச் சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர் கோத்தல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். எனவே, வீடு திரும்பியவரையும் ஒரு நாள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அம்மோனியா வாயிலில் சண்டையிடும் பகைவன். மணமற்ற கார்பன் மோனாக்சைடோ சத்தமின்றி உள்ளே நுழையும் திருடன். பூட்டிய அறையில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரியும்போது, இது சிவப்பணுக்களில் பிராணவாயுவின் இருக்கையைப் பறித்துக்கொள்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதில் ஏமாந்து நல்ல எண்ணையே காட்டும். தலைவலியும் உறக்கமும் தவிர வேறு எச்சரிக்கை இல்லாமற்போகலாம்.

ஏன் திணறல் இல்லை? மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவது பிராணவாயுவின் குறைவன்று. கரியமில வாயுவின் மிகுதியே. மூளையின் முகுளம் அதையே அளந்துகொண்டிருக்கிறது. கொரோனா காலத்தில் அளவு வெகுவாகக் குறைந்தும் சிலர் பேசிக்கொண்டிருந்தது இதனால்தான். கடலோரச் சிறுவர்களின் பெற்றோரும் இதைக் கேளுங்கள். யார் நீருக்குள் நெடுநேரம் இருப்பது என்று பந்தயம் கட்டி, மூழ்குமுன் விரைந்து விரைந்து மூச்சிழுத்தால் கரியமில வாயு வெளியேறிவிடும். திணறல் தோன்றுமுன்னே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளையே இவ்வாறு மாண்டுபோக நேரும்.

நோயாளியின் மூச்சைப் பார்த்தே சிலவற்றை அறியலாம். பிள்ளை அழாதபோது அதன் வயிற்றைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்குட்பட்டதற்கு 50, ஐந்தாண்டுக்குட்பட்டதற்கு 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி குழிந்தாலோ, நிமோனியா என்று ஐயுற்று மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெளிவிடும்போது விசில்போல் ஒலித்தால் அது இளைப்பு. இன்சுலினை நிறுத்திவிட்ட நீரிழிவு நோயாளி ஆழமாக, விரைவாக, ஓயாது மூச்சுவாங்குவார். வாயில் பழ மணம் வீசும். 1874இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் எழுதிவைத்த மூச்சு இது. நுரையீரல் நலமாகவே இருக்கும்; இரத்தத்தில் ஏறிய அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற உடல் படும் பாடே அது. இதை வெறும் இளைப்பு என்றெண்ணி ஆவி பிடிக்கவைத்துக் காலம் கடத்தும் குடும்பங்கள் உண்டு.

மற்றொன்று, டப்ளின் மருத்துவர் செய்ன் 1818இலும் ஸ்டோக்ஸ் 1854இலும் விவரித்தது. மூச்சு மெல்ல ஏறும், உச்சிக்குப் போகும், மெல்லத் தணியும், பின் அடியோடு நிற்கும். சில வினாடிகள் சென்றபின் மீண்டும் தொடங்கும். மரணப் படுக்கையருகே செபமாலையுடன் அமர்ந்திருந்தவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். அந்த இடைவெளியில் நோயாளி பெரும்பாலும் துன்புறுவதில்லை, பார்ப்பவருக்கே துன்பம். ஆனால் இதயத் தளர்ச்சியிலும் பக்கவாதத்திலும்கூட இம்மூச்சு தோன்றும். முடிவு வந்துவிட்டது என்று வீட்டார் தாமே தீர்மானித்துவிட வேண்டாம். முதன்முறையாக இதைக் காணும்போது, எத்தனை வினாடிகள் நின்றது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, 108க்கு அழையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பவற்றுள் அதுவும் ஒன்றாயிருக்கும்.