மண்ணை அள்ளியது யார்?

மண் அள்ளும் வண்டி என்றாலே எல்லோருக்கும் ஜேசிபி தான் ஞாபகம் வரும். அந்தக் கம்பெனி பிறந்தது 1945ல். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தொழிலில் கொடி கட்டிப் பறந்த ஒரு கம்பெனி உண்டு. பெயர் பியூசைரஸ். 1880ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், அதே பெயருள்ள ஊரில் ஆரம்பித்தார்கள். 1893ல் விஸ்கான்சினுக்கு இடம் மாறினார்கள்.

கம்பெனிக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது பனாமா கால்வாய். அங்கே வேலை செய்த 102 நீராவி மண்வாரி இயந்திரங்களில் 77 இவர்களுடையவை. 1906 நவம்பரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே நேரில் போய், ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். உலகப் புகழ் பெற்ற படம் அது!

அந்தப் படத்தில் இல்லாதவர்கள் தான் இங்கே விஷயம். அந்த இயந்திரம் தண்டவாளத்தின் மேல் தான் நகரும். தண்டவாளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது யார்? பாறையில் துளையிட்டு வெடிமருந்து நிரப்பியது யார்? பெரும்பாலும் பார்படோஸ், ஜமைக்கா போன்ற தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்கக் காசில் சம்பளம், இவர்களுக்கு வெள்ளிக் காசில்! 1904 முதல் 1914 வரை இறந்தவர்கள், அரசுக் கணக்குப்படியே 5,609 பேர். அதில் பெரும்பாலோர் இவர்களே.

"மெஷின் இல்லாவிட்டால் இன்னும் நிறைய பேர் செத்திருப்பார்களே" என்று சிலர் கேட்கலாம். அதற்கு முன் தோண்டிய பிரெஞ்சுக்காரர்களிடமும் இயந்திரங்கள் இருந்தன. ஆனாலும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்தார்கள். மஞ்சள் காய்ச்சலை அடக்கியது கொசு ஒழிப்பு தானே தவிர இரும்பு அல்ல.

இதே கம்பெனி 1969ல் ஒஹாயோ நிலக்கரிச் சுரங்கத்துக்காக 'பிக் மஸ்கி' என்ற ராட்சத இயந்திரத்தைச் செய்தது. ஒரே அள்ளலில் 220 கன கெஜம் மண்! 1991ல் அது நின்றது, 1999ல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. 2011ல் கம்பெனியையே கேட்டர்பில்லர் வாங்கிவிட்டது. மிஞ்சியது பிக் மஸ்கியின் வாளி மட்டும். அது இன்று ஒஹாயோவில், சுரங்கத் தொழிலாளர் நினைவுப் பூங்காவில் நிற்கிறது.

அது தான் சரியான மரியாதை. இயந்திரத்தைக் காட்டி மனிதனை நினைக்க வைக்கிறார்கள். ரூஸ்வெல்ட் படத்தை அச்சடிக்கும் ஒவ்வொரு புத்தகமும் அதன் கீழே அந்த 5,609 என்ற எண்ணையும் போட வேண்டும். அப்போது தான் அது முழுப் படம்.