கொடுத்தவளைக் குத்தம் சொல்லாதீங்கய்யா!

மக்களே, இன்னிக்கு மொக்கை கிடையாது. கொஞ்சம் காட்டமான பதிவு.

போன வாரம் பேரையூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. ஊர்க்காரப் பையன் ஒருத்தனைப் பத்திப் பேச்சு. மதுரையில கிட்னி மாத்தி மூணு மாசம், காய்ச்சல்னு மறுபடி அட்மிட். சீட்டுல சி.எம்.வி. வைரஸ்னு போட்டிருக்காம். "எல்லாம் அவன் ஆத்தா கிட்னியோட வந்த சனியன்"னு ஒரு பெருசு தீர்ப்பே எழுதிட்டார். எனக்கு டீ இறங்கல.

ஐயா, நம்ம நாட்டுல பெரியவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல அந்த வைரஸ் உடம்புல இருக்கு. சின்ன வயசுல தொத்திக்கிட்டு சத்தமில்லாமத் தூங்கும். புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்கிடாம இருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை கொடுக்கறாங்க இல்லையா, அப்போ முழிச்சுக்கும். அது ஆத்தாகிட்ட இருந்தும் வந்திருக்கலாம், பையன் உடம்புலயே இருந்ததாவும் இருக்கலாம். அதுக்குத்தான் ரெண்டு பேர் ரத்தத்தையும் முன்னாடியே பார்க்கறாங்க. தடுப்பு மாத்திரையும் இருக்கு. இதுல ஆத்தா குத்தம் என்ன?

கோபப்பட்டே ஆகணும்னா டயாலிசிஸ் பக்கம் திரும்புங்க. கொடுக்கறவங்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் சோதிச்சுத்தான் எடுக்கறாங்க. வாங்கறவரோ மாசக்கணக்கா மெஷின்ல கிடந்தவர். பி வைரஸ் வெளியில குறைஞ்சது 7 நாள் தாங்கும். கையுறை மாத்தாம அடுத்த ஆளைத் தொட்டாலே தொத்த வழி இருக்கு. சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனா பெரும்பாலும் 12 வாரம் மாத்திரையில குணமாகுது, 2018-ல தொடங்கின தேசியத் திட்டத்துல இலவசம். பி-க்குத் தடுப்பூசியே இருக்கு! கிட்னி ரொம்பக் கெடறதுக்கு முன்னாடியே போட்டா நல்லாப் பிடிக்கும். கிரியேட்டினின் ஏறுன அன்னிக்கே இதை எத்தனை பேர் கேட்கறோம்? கிட்னி கொடுக்க ஆள் தேடி வருஷக்கணக்கா அலையறோம், ஊசியை மறந்துடறோம்.

நம்ம நாட்டுல உயிரோட கிட்னி கொடுக்கறவங்கள்ல பெண்கள்தான் அதிகம். ஆத்தாவோ பொண்டாட்டியோ வயித்தைக் கிழிச்சுக் கொடுப்பா. பழியும் அவளுக்கேவா?

பெருசுகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "நீ என்ன டாக்டரா?"ன்னார். இல்லைதான். நீங்களும் இல்லை பெருசு, அப்புறம் எப்படித் தீர்ப்பு எழுதுனீங்க?

டிஸ்கி: வீட்டுல யாருக்காவது கிட்னிப் பிரச்னைன்னா, ஊசி விஷயத்தை அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேளுங்க. கும்மி அப்புறம் :-)