குளம் நிறைந்தால் போதுமா? வாய்க்காலையும் பார்ப்போம்

குளம் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் தூர்ந்து போனால் கடைசி வயல் காய்ந்துவிடும். இதை எமது விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 யூலையில் மாவிலாற்றுக் கதவு மூடப்பட்டபோது கீழேயிருந்த வயல்கள் பட்ட பாட்டை இப்பகுதியார் அறிவர். வீட்டிலிருந்து ஒட்சிசன் பெறும் நோயாளியின் நிலையும் இதுவே. இயந்திரம் குளம், மூக்குவரை செல்லும் சிறு குழாய் வாய்க்கால். குளத்தைப் பற்றியே பேசும் நாம் வாய்க்காலை மறந்துவிடுகிறோம் என்பதே எனது ஆதங்கம்.

இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று, வெருகல், மூதூர் கிழக்கு மக்கள் 2004இல் ஆழிப்பேரலையையும் 2006இல் யுத்தத்தையும் கண்டவர்கள். வாகரை வழியாக மட்டக்களப்பு முகாம்களுக்குச் சென்றவர்களில் பலர் 2007 முதல் திரும்பினர். சம்பூர் மக்களுக்கோ 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே காணி கிடைத்தது. இத்தனை காலமும் கூடாரத்திலும் கிடுகுக் கொட்டிலிலும் விறகடுப்புப் புகைக்குள் சமைத்தவர்கள் எமது தாய்மார். சுருட்டைத் தொடாத பெண்ணின் நுரையீரலையும் அந்தப் புகை கெடுக்கும். வீட்டுப் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

2021இல் கொவிட் பரவியபோது காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் இயந்திரங்கள் நாட்டுக்கு நன்கொடையாக வந்தன. அது நல்ல காரியம். ஆனால், படம் எடுத்து இயந்திரத்தைக் கையளிப்பவர் மாற்றுக் குழாயையும் கொடுத்தாரா? கழுவும் முறையைக் காட்டினாரா? நாட்பட்ட நுரையீரல் நோயால் இரத்தத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணித்தியாலம் அதைப் பெற்றால் ஆயுள் நீளும் என்பதை 1981இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. அத்தனை நேரம் மூக்கில் இருக்கும் குழாயில் சளியும் தூசியும் படியாதிருக்குமா?

செய்ய வேண்டியவை அதிகமில்லை. மூக்கில் செருகும் முனைகளைத் தினமும் சுத்தமான ஈரத்துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை அந்த மூக்குக்குழாயை இளஞ்சூட்டு நீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கழுவி, கொதித்தாறிய நீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்த பின்னரே பாவியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது; தடிமன், காய்ச்சல் வந்து மாறினால் உடனே மாற்ற வேண்டும். நீண்ட குழாயின் உட்புறம் எளிதில் காயாது. ஆகவே அதைக் கழுவாமல் மூன்று மாதமளவில் மாற்றுங்கள். நீர்ப்போத்தல் இருந்தால் கொதித்தாறிய நீரைத் தினமும் புதிதாக ஊற்றுங்கள். கிணற்று நீரை அப்படியே ஊற்றக் கூடாது. வாரம் ஒருமுறை, ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து போத்தலை அரை மணித்தியாலம் ஊறவைத்து அலசுங்கள். இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியையும் வாரந்தோறும் கழுவிக் காயவையுங்கள்.

காற்று வருகிறதா என்று ஐயம் வந்தால் மூக்கு முனைகளை ஒரு கிளாஸ் நீரில் பிடியுங்கள். குமிழி வந்தால் வாய்க்கால் ஓடுகிறது. வராவிட்டால் மடிப்பையும் பொருத்துகளையும் பாருங்கள். வைத்தியர் குறித்த அளவை நீங்களாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். கூடிய ஒட்சிசனும் சில நோயாளருக்கு ஆபத்தே.

நெருப்பு விடயத்தில் விட்டுக்கொடுப்பே கூடாது. அடுப்பு, சுருட்டு, குப்பிவிளக்கு, சுரூபத்தின் முன் ஏற்றும் மெழுகுதிரி எல்லாம் பத்து அடிக்கு அப்பால் இருக்கட்டும். மூக்கு வறண்டால் வசலினோ எண்ணெய்த் தைலமோ பூசாமல் தாதியிடம் கேளுங்கள்.

“சோற்றுக்கே வழியில்லை, மாற்றுக் குழாய்க்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனாலேயே இதை ஒரு வீட்டின் சுமையாக விடக்கூடாது என்கிறேன். இயந்திரம் கொடுப்போர் ஒரு வருடத்துக்கான குழாய்களையும் சேர்த்தே கொடுக்கட்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ பங்குச் சபையோ பத்துக் குழாய்களை ஒரு பெட்டியில் வைத்திருக்கலாம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறக்கவில்லை. மின்சாரம் நின்றால் எந்தச் சிலிண்டர், யாருடைய வாகனம் என்பதையும் அச்சங்கம் முன்கூட்டியே தீர்மானிக்கட்டும்.

விதைப்புக்கு முன் ஊர் கூடி வாய்க்கால் வெட்டும் வழக்கம் எம்மிடம் உண்டு. ஒருவர் வயலுக்கு மட்டும் நீர் பாயட்டும் என்று எவரும் வெட்டுவதில்லை. எமது ஊரில் மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரின் வாய்க்காலும் ஊரின் வாய்க்காலே.