பச்சைத் தண்ணீர், ஜாக்கிரதை!



ஊட்டிக்குப் பக்கத்தில் கிளென்மார்கன் என்று ஓர் ஊர். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மின்வாரியத்தின் சின்ன ஏரி ஒன்று அங்கே இருக்கிறது. பைக்காரா தண்ணீர் அதில் தங்கி, ராட்சதக் குழாய்களில் மலையிறங்கி, சிங்காராவில் 1932-ல் தொடங்கப்பட்ட மின்நிலையத்துக்குப் போகிறது. அப்புறம் மாயாற்றில் சேர்ந்து, முதுமலை யானைகளின் தாகம் தீர்த்து, பவானிசாகர் வரை ஓடுகிறது. மேலே ஏரி கெட்டால் கீழே எத்தனை பேருக்குக் கஷ்டம், பாருங்கள்!

ஏரி எப்படிக் கெடும்? ஊட்டி ஏரியையே எடுத்துக்கொள்வோம். 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரி அது. ஊர் பெருகப் பெருக, கோடப்பமந்து கால்வாய் வழியாகச் சாக்கடையும் அதில் வந்து கலந்தது. சாக்கடையிலும் சோப்பு நீரிலும் வயல் உரத்திலும் பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்துகள் உண்டு. நமக்கு அது அழுக்கு. நீலப்பச்சைப் பாசிக்கோ கல்யாண விருந்து! வெயிலும் சேர்ந்துகொண்டால், பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் ஏரியில் படர்ந்துவிடும்.

பாசி என்று பெயரே தவிர, இது பாக்டீரியா இனம். சயனோபாக்டீரியா என்பார்கள். 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமியின் காற்றில் ஆக்சிஜனைச் சேர்த்தது இதன் முன்னோர்கள்தான். அதனால் ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரவில்லை! ஆனால், சில வகைகள் விஷத்தை உண்டாக்கும். 2020-ல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் 300-க்கும் மேற்பட்ட யானைகள் செத்து விழுந்தன. குட்டைகளில் இருந்த இந்தப் பாசியின் விஷமே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

'கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடுமே' என்கிறீர்களா? அதுதான் இல்லை! 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரக் குடிநீரில் இந்த விஷம் கலந்துவிட்டது. சுமார் 4 லட்சம் பேரிடம், "குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்" என்றார்கள். சூட்டில் பாக்டீரியா சாகும், விஷம் சாகாது. செத்த பாக்டீரியா உடைந்து, உள்ளே இருந்த விஷமும் வெளியே வரும். தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் விஷம் கூடிக்கொண்டே போகும்.

பச்சையாகத் தெரியும் எல்லா நீரிலும் விஷம் இருக்காது. ஆனால் எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். எனவே, ஏரியில் பச்சை ஏடு மிதந்தால் காலை நனைக்காதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். கூட நாய்க்குட்டி வந்தால் அதை முதலில் இழுத்துப் பிடியுங்கள். நீந்திவிட்டு வந்து, உடம்பில் ஒட்டிய பாசியை நக்கித் தின்றுவிடும், பாவம்!